வீட்டு வரி பாக்கி: கறாராக வசூலிப்பதா, பொறுத்துப் போவதா?

தணிகை எழுதியது:

போன வாரம் இங்கே ஒரு நண்பர், வீட்டு வரி பாக்கிக்கு வட்டியைத் தள்ளுபடி செய்தால் மக்கள் தாமாக வந்து கட்டுவார்கள், ஜப்தி நோட்டீஸ் எல்லாம் தேவையே இல்லை என்று எழுதியிருந்தார். பலர் ஆமோதித்தார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

வட்டித் தள்ளுபடி யாருக்குப் போகிறது? கெடுவுக்குள் கட்டியவருக்கு ஒன்றும் கிடையாது. ஐந்து வருடம் இழுத்தடித்தவருக்குத்தான் பரிசு. அடுத்த முறையும் அவர் கட்ட மாட்டார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரும் கட்ட மாட்டார். எப்படியும் இன்னொரு தள்ளுபடி வரும் என்று காத்திருப்பார்கள்.

வீட்டு வரியை மற்ற வரிகளோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. உள்ளாட்சியால் நோட்டு அடிக்க முடியாது, நினைத்தபடி கடன் வாங்கவும் முடியாது. குப்பை வண்டிக்கு டீசல், தெருவிளக்குக்கு மின்கட்டணம், துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம், எல்லாம் மாதம் பிறந்தால் வந்து நிற்கும். இங்கிலாந்தில் கவுன்சில் வரியை, அதாவது அங்கே உள்ளாட்சி (கவுன்சில்) வாங்கும் வீட்டு வரியை, எப்படி நிர்ணயிக்கிறார்கள் தெரியுமா? முதலில் ஆண்டுச் செலவைப் போடுகிறார்கள். அதில் அரசு மானியத்தையும் மற்ற வரவுகளையும் கழிக்கிறார்கள். மிச்சத்தை வீடுகள் மேல் பிரிக்கிறார்கள். பிரிக்கும்போதே, இத்தனை சதவீதம் வசூலாகாது என்ற கணிப்பையும் உள்ளே சேர்த்துவிடுகிறார்கள். ஆக, கட்டாதவர் பங்கு கட்டுகிறவர் பில்லில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

என் நிலை இதுதான்: தள்ளுபடி கூடாது. கெடு தாண்டினால் வட்டி. அதற்கும் மசியாவிட்டால் சட்டப்படி நடவடிக்கை. இது ஆளுக்கு ஆள் மாறக் கூடாது.

கயல்விழி எழுதியது:

தணிகை அண்ணா, தள்ளுபடி அநியாயம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். "ஆளுக்கு ஆள் மாறக் கூடாது" என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

வருமான வரி, வருமானம் வந்த பிறகு கேட்கிறது. விற்பனை வரி, நாம் பணத்தை எடுத்து நீட்டும்போது கேட்கிறது. வீட்டு வரிக்கு மட்டும் உங்கள் கையில் காசு இருக்கிறதா என்பது பொருட்டே இல்லை. கணவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்தோடு அதே வீட்டில் இருக்கும் ஒரு பெண்மணியை நினைத்துப் பாருங்கள். சுவர்கள் பழையபடி நிற்கின்றன, அதனால் வரியும் பழையபடி வருகிறது. வரவு மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. அவருக்கும், நாலு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேண்டுமென்றே கட்டாமல் இருப்பவருக்கும் ஒரே நோட்டீஸ், ஒரே கெடு, ஒரே ஜப்தி என்றால் அதற்கு நான் கறார் என்று பெயர் வைக்க மாட்டேன்.

இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ஹென்னபின் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி) வழக்கு இருக்கிறது. ஒரு மூதாட்டி, 94 வயது. அசல் வரி பாக்கி ஏறத்தாழ 2,300 டாலர். அபராதம், வட்டி, செலவு என்று ஏறி ஏறி 15,000 டாலர் ஆனது. கவுன்ட்டி அவர் வீட்டை எடுத்து 40,000 டாலருக்கு விற்றது. பாக்கி போக மிஞ்சிய 25,000 டாலரைத் திருப்பித் தரவே இல்லை, தானே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமித்து அது செல்லாது என்றார்கள். அதுவரை அந்த மாநிலச் சட்டம் அப்படித்தான் இருந்தது. அதிகாரிகள் விதியை மீறவில்லை அண்ணா. விதிப்படியே நடந்தார்கள்.

தணிகை எழுதியது:

கயல், அந்த வழக்கில் தவறு வசூலித்ததில் இல்லை. பாக்கிக்கு மேல் எடுத்துக்கொண்டதில்தான் தவறு. நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. பாக்கிக்காக விற்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. மிச்சத்தைத் திருப்பிக் கொடு, அவ்வளவுதான்.

அப்புறம், ஒரே தொகையாகக் கட்ட முடியாதவர்களுக்குத்தான் தவணை முறை இருக்கிறதே. இங்கிலாந்தில் வழக்கமாக 10 மாதத் தவணை. வேண்டும் என்று கேட்டால் 12 மாதமாகவும் பிரித்துத் தர வேண்டும். இதற்கு மேல் என்ன இளக்கம் வேண்டும்?

கயல்விழி எழுதியது:

இங்கிலாந்தையே எடுத்தீர்கள், நல்லது. அந்தத் தவணையில் ஒன்று தவறினால் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு நினைவூட்டல் கடிதம், 7 நாள் கெடு. அதற்குள் கட்டாவிட்டால், அடுத்த 7 நாளில் தவணை உரிமையே போய்விடும், அந்த ஆண்டின் மீதித் தொகை முழுவதும் ஒரே மூச்சில் கட்ட வேண்டியதாகிவிடும். பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு சம்மன், அதற்கான செலவும் பில்லில் ஏறும். அங்கே பாக்கியை உறுதி செய்து உத்தரவு வாங்கிவிட்டால் கவுன்சிலுக்கு எல்லா வழியும் திறந்துவிடும்: சம்பளத்தில் பிடிக்கலாம், அரசு உதவித்தொகையில் பிடிக்கலாம், வசூல் முகவரை வீட்டுக்கு அனுப்பலாம். கடைசிப் படியில் சிறையும் உண்டு. வேல்ஸ் அதை 2019இல் நீக்கிவிட்டது, இங்கிலாந்தின் சட்டத்தில் இருக்கிறது.

இதில் எனக்குப் புரியாதது ஒன்றுதான். ஒரு மாதத் தவணை கட்டக் காசில்லாதவரிடம், மறு மாதம் எட்டு மாதத் தவணையைச் சேர்த்துக் கேட்டால் எங்கிருந்து வரும்? வசதி இருந்தும் மறந்துபோனவர் அந்த முதல் கடிதத்திலேயே கட்டிவிடுவார். ஆக, அதற்கு அடுத்த படிகள் எல்லாம் போய் விழுவது பெரும்பாலும் இல்லாதவர் தலையில்தான்.

பழைய ரசீது எழுதியது:

தம்பி தணிகை, அம்மா கயல், இரண்டு பேரும் "பாக்கி" என்ற தொகையை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் ஒரு உள்ளாட்சியின் வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். அந்தத் தொகைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் எல்லாமே மூன்று சொல்லில் அடங்கும்: கேட்பு, வசூல், நிலுவை. இந்த ஆண்டுக்கு எவ்வளவு கேட்க வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது. ஆண்டு முடிந்ததும் நிலுவை அப்படியே அடுத்த ஆண்டுக் கணக்கின் முதல் வரிசைக்குப் போய்விடும். அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? பழைய வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு குடியிருப்புக்கும் புது வரிவிதிப்பு எண் போட்டு, எல்லோரும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருப்பார்கள். இடித்த வீட்டின் பழைய எண்ணை மட்டும் யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். இல்லாத வீட்டுக்கு அரையாண்டுக்கு அரையாண்டு கேட்பு ஏறும், வட்டியும் ஏறும். இன்னொரு பக்கம் நீதிமன்றத் தடையாணையில் நிற்கும் பெரிய வணிகக் கட்டடங்கள். தொகையில் பார்த்தால் நிலுவையின் பெரும்பங்கு அங்கேதான் கிடக்கும். அதை நாங்கள் தொட முடியாது. அப்புறம் தாத்தா பெயரிலேயே நிற்கும் வீடுகள். பேரன்கள் மூன்று பேர், பாகப்பிரிவினை முடியவில்லை, நீ கட்டு நான் கட்டு என்று யாருமே கட்டவில்லை.

மேலிடத்தில் இருந்து நிலுவையைக் குறை என்று கெடுபிடி வரும்போது ஊழியர் யாரிடம் போவார்? தடையாணை வாங்கிய கட்டடத்துக்குப் போக முடியாது. இல்லாத வீட்டுக்கும் போக முடியாது. கதவைத் தட்டினால் திறக்கிற ஆளிடம்தான் போவார். பாதி நாள் அது கயல் அம்மா சொன்ன அந்தப் பெண்மணியாகத்தான் இருக்கும்.

அதனால் நான் கேட்பது, முதலில் நிலுவைப் பட்டியலைச் சலித்து எடுங்கள். கறாரா இளக்கமா என்பது அதற்குப் பிறகு.

தணிகை எழுதியது:

ஐயா, இதைத்தான் கேட்க வேண்டும் என்று இருந்தேன், நன்றி. ஆனாலும் ஒன்று. இடித்த வீட்டின் எண்ணை நீக்காமல் இருந்தது அலுவலகத்தின் குறை. கட்டிடம் நிற்க, ஆளும் இருக்க, கட்டாமல் இருப்பது அவருடைய குறை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மன்னிக்க முடியாது.

திருமாறன் எழுதியது:

எல்லோரும் வசூலைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜனங்களுக்கு வரி மேல் கசப்பு வருவது வசூலில் இல்லை, மதிப்பீட்டில். கேட்கும் தொகை நியாயம் என்று பட்டால் முக்கால்வாசிப் பேர் கட்டிவிடுவார்கள். ஏன் நியாயமாகப் படவில்லை என்று பார்ப்போம்.

இங்கிலாந்தில் இன்றைக்கும் ஒரு வீடு எந்த வரிப் பிரிவில் விழும் என்பது 1991 ஏப்ரல் 1ஆம் தேதி அது என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்துத்தான். போன மாதம் கட்டி முடித்த வீட்டையும், 1991இல் இது இருந்திருந்தால் என்ன விலை என்று கணித்துத்தான் பிரிவில் சேர்க்கிறார்கள். A முதல் H வரை எட்டுப் பிரிவு. உச்சியில் உள்ள H கட்டுவது அடியில் உள்ள A கட்டுவதைப்போல மூன்று மடங்கு, அதற்கு மேல் இல்லை. H பிரிவு தொடங்குவதோ அன்றைய விலையில் 3,20,000 பவுண்டுக்கு மேல். அது எத்தனை லட்சமானாலும், எத்தனை கோடியானாலும் பிரிவு அதேதான். வேல்ஸ் மட்டும் துணிந்து 2003ஆம் ஆண்டு விலையில் மறுமதிப்பீடு செய்து 2005இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்து அரசியல்வாதிகள் அதைப் பார்த்துப் பயந்து கைவிட்டவர்கள்தான், இன்னும் தொடவில்லை.

கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13ஆம் முன்மொழிவு வேறு மாதிரி. வாங்கிய விலையில் ஒரு சதவீதம் வரி, அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது, வீடு கைமாறினால் புது விலைக்குத் தாவும். விளைவு, ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடு, புதிதாக வாங்கியவர் பழைய ஆளைப்போல ஐந்து மடங்கு கட்டினார். அப்படி ஒருவர் தொடுத்த வழக்கு 1992இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

நம் பக்கத்துக்கு வந்தால், சென்னையில் 1998க்குப் பிறகு 2022இல்தான் பொதுச் சீராய்வு. அத்தனை ஆண்டு தேங்கியதை ஒரேயடியாக ஏற்றியபோது பழைய பகுதிகளில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 150 சதவீதம் உயர்ந்தது. ஏறிய தொகை நியாயமாகவே இருக்கலாம். ஒரே நாளில் வந்தால் எவருக்கும் அது அடியாகத்தான் விழும்.

ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக மதிப்பைச் சரிசெய்யுங்கள். பாக்கிப் பிரச்சினை பாதி அங்கேயே தீரும்.

கயல்விழி எழுதியது:

திருமாறன், இதில் எனக்குப் பயம் இருக்கிறது. சந்தை விலையை ஆண்டுதோறும் பில்லுக்குள் கொண்டுவந்தால், பக்கத்தில் மெட்ரோ வந்ததற்காக ஒரு முதியவர் வரி ஏறும். அவர் வீட்டை விற்கப்போவதில்லை. அந்த விலை ஏறியதில் அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை. கலிபோர்னியாக்காரர்கள் அந்தச் சட்டத்துக்கு வாக்களித்ததே இந்தப் பயத்தில்தானே?

திருமாறன் எழுதியது:

பயம் நியாயம்தான். ஆனால் மதிப்பு ஏறினால் வரி ஏறும் என்பது எல்லா இடத்திலும் உண்மையில்லை, கயல். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மதிப்பு போடுவது நகராட்சி இல்லை. 1974இலிருந்து தனி அமைப்பு ஒன்று மாகாணம் முழுவதற்கும் ஆண்டுதோறும் மதிப்பு போடுகிறது. ஜூலை 1ஆம் தேதி நிலவரம், ஜனவரி தொடக்கத்தில் எல்லா வீட்டுக்கும் நோட்டீஸ், ஜனவரி முடிவதற்குள் ஆட்சேபிக்கலாம். வரி பில் அதற்கு எத்தனையோ மாதம் கழித்துத்தான். நகராட்சி தனக்கு எவ்வளவு பணம் வேண்டும் என்று முடிவு செய்து, மொத்த மதிப்பால் வகுத்து விகிதத்தைப் போடுகிறது. ஊர் முழுவதும் மதிப்பு இரண்டு மடங்கானால் விகிதம் பாதியாகலாம், பில் அசையாது. ஊர்ச் சராசரியைவிட உங்கள் வீடு அதிகம் ஏறியிருந்தால் மட்டும்தான் உங்கள் பங்கு ஏறும்.

இதில் முக்கியம், மதிப்பு போடுகிறவரும் வசூலிக்கிறவரும் வேறு வேறு. பணம் தேவைப்படுகிற கை அளவுகோலைப் பிடிக்கவில்லை. நோட்டீஸில் இருப்பது மதிப்பு மட்டும் என்பதால் அதைப் பற்றி மட்டும் வாதாடலாம். நம் ஊர்களில் இரண்டும் ஒரே அலுவலகம், சில நேரம் ஒரே ஆள்.

முத்துக்குமரன் எழுதியது:

ஆண்டுதோறும் சந்தை மதிப்பு போடுவதற்கு நம்பகமான விற்பனைப் பதிவுகள் வேண்டும். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று இருக்கும் ஊரில் அதை வைத்து மதிப்பிட்டால் குப்பைதான் வரும். அதனால்தான் இந்தியாவில் பாட்னா 1993இல் பரப்பளவு முறைக்குப் போனது. எந்தத் தெரு, எத்தனை சதுர அடி, என்ன கட்டுமானம், குடியிருப்பா கடையா, இவ்வளவுதான் கேள்வி. பெங்களூரு 2000இல் சுயமதிப்பீட்டைக் கொண்டுவந்தது. டெல்லி 2004இல் அலகுப் பரப்பு முறைக்கு மாறியது. அட்டவணையைப் பார்த்து எவரும் தன் வரியைத் தானே போட்டுக்கொள்ளலாம். பில் கலெக்டர் வந்து "இது ஏ கிளாஸ் கட்டடம், ஆனால் நாம் பேசிக்கொள்ளலாம்" என்று சொல்ல இடமே இல்லை.

வசூலிக்கும் ஆளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் வேலை நடக்கும் என்று இங்கே பலமுறை பேசியிருக்கிறோம். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் நகர்ப்புறச் சொத்து வரியில் அதை ஆய்வாகவே செய்து பார்த்தார்கள், முடிவு 2016இல் வெளியானது. ஊக்கத்தொகை கிடைத்த வட்டங்களில் வசூல் வளரும் வேகம் மற்ற இடங்களைவிட 46 சதவீதம் கூடுதல். ஆனால் உள்ளே பாருங்கள்: கூடுதல் பணம் வந்தது, மறுமதிப்பீடு செய்யப்பட்ட கொஞ்சம் சொத்துகளிலிருந்து. மிச்சம் இருந்த பெரும்பாலானவர்களுக்கு வரி ஏறவில்லை, லஞ்சம்தான் ஏறியது. மதிப்பை மாற்றும் அதிகாரம் வசூல்காரர் கையில் இருக்கும்வரை ஊக்கத்தொகை இரண்டு பக்கமும் வெட்டும். திருமாறன் சொல்லும் பிரிவினை இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குச் சரி என்று படுகிறது. ஆனால் அளவுகோல் சதுர அடியாக இருக்கட்டும்.

திருமாறன் எழுதியது:

சதுர அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரே மண்டலத்துக்குள் பிரதான சாலை வீடும் சாக்கடையோரச் சந்து வீடும் ஒரே விகிதத்தில் விழும். அட்டவணையை எத்தனை மண்டலமாகப் பிரித்தாலும் இது முழுசாகத் தீராது. எளிமைக்கு நியாயம் கொஞ்சம் விலையாகிறது. அந்த விலை கொடுக்கத் தக்கதா என்றால், பதிவுகள் மோசமான இடத்தில் ஆமாம் என்பேன்.

நாகை எழுதியது:

இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம் நண்பர்களே. பாக்கிதாரர் பெயரை ஃபிளெக்ஸ் அடித்து அலுவலக வாசலில் தொங்கவிடுங்கள். வீட்டு முன்னால் தண்டோரா போடுங்கள். மானத்துக்குப் பயந்து மறுநாள் கட்டுவார்கள்.

கயல்விழி எழுதியது:

இதைச் செய்து பார்த்துவிட்டார்கள், நாகை. 2006இல் பாட்னா மாநகராட்சி, பாக்கிதாரர் வீடுகளுக்கு முன் பாடச் சொல்லித் திருநங்கைகளைக் கூலிக்கு அமர்த்தியது. உலகம் முழுக்கச் செய்தி ஆனது. யாரை அவமானப்படுத்தினார்கள்? வந்து நின்றாலே அடுத்தவருக்கு அவமானம் என்று ஒரு அரசு அமைப்பே சில மனிதர்களைப் பயன்படுத்தியது. எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் கொதிக்கிறது. வரி வசூலிக்கச் சட்டம் இருக்கிறது, சட்டத்துக்கு நோட்டீஸ் இருக்கிறது, முறையீடு இருக்கிறது. தண்டோராவுக்கு முறையீடு எங்கே?

பழைய ரசீது எழுதியது:

நான் மேலே சொன்ன பட்டியலை நினைத்துப் பாருங்கள் நாகை. இறந்தவர் பெயர், இடித்த வீட்டு எண், கட்டிய ரசீது பதிவேறாமல் பாக்கி என்று நிற்பது. அதை ஃபிளெக்ஸ் அடித்துத் தொங்கவிட்டால், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் தெருவில் தலைகுனிந்து நிற்பான். பிறகு திருத்தினால் யார் பார்க்கப்போகிறார்கள்?

தணிகை எழுதியது:

கறார் என்று நான் சொன்னது சட்டத்தின் வழியைத்தான். தண்டோரா, வாசலில் குப்பைத்தொட்டி வைப்பது, இவற்றை நானும் ஏற்கமாட்டேன். சட்டப்படி ஜப்தி செய்தால் அதற்கு ஒரு கணக்கு உண்டு, ஒரு முடிவு உண்டு.

இப்போது கயலிடம் நேராகக் கேட்கிறேன். வட்டித் தள்ளுபடியும் வேண்டாம், ஜப்தியும் வேண்டாம் என்றால் மூன்றாவது வழி என்ன? அந்தப் பெண்மணி கட்ட வேண்டிய தொகை இல்லாமல் அந்தத் தெருவின் குப்பை எப்படிப் போகும்? அதைச் சொல்லுங்கள்.

கயல்விழி எழுதியது:

தள்ளிவைப்பு. தள்ளுபடி இல்லை அண்ணா, தள்ளிவைப்பு. தொகை குறையாது, காலம் மட்டும் நகரும்.

திருமாறன் சொன்ன அதே பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயது கடந்தவர், கணவனையோ மனைவியையோ இழந்தவர், மாற்றுத்திறனாளி ஆகியோர் தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வரியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். வீட்டின் மதிப்பில் கடன் போகக் குறைந்தது கால்பங்காவது அவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். தள்ளிவைத்த தொகை வட்டியோடு வீட்டின் மேல் கடனாக ஏறும். வீடு விற்கப்படும்போது முதலில் அது கழியும். நீங்கள் கேட்ட குப்பைக்கான பதிலும் அங்கேயே இருக்கிறது: நகராட்சிக்கு அந்த ஆண்டுக்கான பணத்தை மாகாண அரசு கட்டிவிடுகிறது. காத்திருப்பது மாகாணம்தான், நகராட்சி இல்லை.

அயர்லாந்தில் 2013இல் வந்த உள்ளூர்ச் சொத்து வரியிலும் தள்ளிவைப்பு இருக்கிறது, வருமான வரம்புக்குக் கீழே இருப்பவர்களுக்கு. அங்கே வீட்டுக்காரரே மதிப்பைப் போடுகிறார், வசூலிப்பது நாட்டின் வருவாய்த் துறை. வேண்டுமானால் சம்பளத்திலோ ஓய்வூதியத்திலோ மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். கட்ட முடியாதவருக்கு வழி முன்கூட்டியே விதியில் எழுதியிருப்பதால், விதியை எவரும் வளைக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட "ஆளுக்கு ஆள் மாறக் கூடாது" என்பதற்கு இது முரணே இல்லை.

தணிகை எழுதியது:

இப்படி என்றால் பேசலாம். எனக்கு இரண்டு நிபந்தனை.

பணத்தை இடையில் கொடுக்க மேலே ஒரு அரசு முன்வர வேண்டும். அது எழுத்தில் இல்லாமல் உள்ளாட்சி தன் தலையில் தள்ளிவைப்பை ஏற்றுக்கொண்டால், நான் முதல் பதிவில் சொன்ன கணக்குதான், மற்றவர் பில் ஏறும். தள்ளிவைத்த மொத்தத் தொகை ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தனிக் கணக்காக அச்சாக வேண்டும். நிலுவையோடு கலக்கக் கூடாது.

அடுத்தது, குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும். வாடகை வருகிற சொத்துக்கு ஒரு நாளும் கிடையாது.

பழைய ரசீது எழுதியது:

தம்பி சொன்ன தனிக் கணக்கு மிகவும் சரி. பதிவேட்டில் கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்று பத்தியோடு நான்காவதாகத் "தள்ளிவைப்பு" என்று ஒன்று இருந்திருந்தால், நாங்கள் பல வீட்டுக் கதவைத் தட்டியிருக்கவே மாட்டோம்.

ஒன்று சேர்க்கிறேன். எந்தச் சலுகையும் கேட்டுப் பெறுவதாக இருந்தால் அது தேவைப்படுகிறவரைச் சேராது. முதியவர் அலுவலகத்துக்கு வந்து, எந்த மேசை என்று தேடி, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று கேட்டு, பாதியில் திரும்பிப் போய்விடுவார். எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். வரி பில்லின் பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவோ, யாரும் படிக்காத சட்டப் பிரிவுகளாகவோதான் இருக்கிறது. அங்கே அந்த விண்ணப்பத்தை அச்சடியுங்கள். முன்பக்கத்தில் எத்தனை சதுர அடி, என்ன விகிதம், எப்படிப் பெருக்கினோம் என்று மூன்று வரி. தவறாக அளந்திருந்தால் வீட்டுக்காரர் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார், நிலுவையாக முற்றாது.

கயல்விழி எழுதியது:

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். தணிகை அண்ணாவின் முதல் நிபந்தனையை முழுசாக ஏற்கிறேன். இரண்டாவதில் ஒரு சந்தேகம். அந்தப் பெண்மணி அதே வீட்டின் முன் அறையை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில்தான் மருந்து வாங்குகிறார் என்றால் அது குடியிருக்கும் வீடா, வாடகைச் சொத்தா?

தணிகை எழுதியது:

குடியிருக்கும் வீடுதான். ஆனால் வாடகை எவ்வளவுக்கு மேல் போனால் மாறும் என்று ஒரு வரம்பு எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் நாலு வீட்டுக்காரர் அந்த அறை வழியாகத்தான் உள்ளே வருவார். வரம்பை எதை வைத்துப் போடலாம் என்று முத்துக்குமரனும் திருமாறனும் சொல்லுங்கள்.

முத்துக்குமரன் எழுதியது:

தொகையாகப் போட்டால் இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். வீட்டின் மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பு என்று வைக்கலாம். பரப்பளவு ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கிறது, வாடகைச் சீட்டை யாரும் சோதிக்க வேண்டியதில்லை.